மதிய இடைவேளை: பத்துப் புள்ளிக்காரரின் பெறுமதி



சென்ற முறை மாரிச் சப்பாத்து வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை விளையாட்டு. "வீட்டு வாடகைக்கே வழி தேடிக்கொண்டிருக்கிறோம், இந்த நேரத்தில் பந்தாட்டக் கதையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஒரு மனிதனின் உழைப்பை எப்படி அளப்பது என்பதுதான் இதில் உள்ள விடயம். கைக்கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யும் நம் எல்லோருக்கும் அது உரியது.

நான் 2012ஆம் ஆண்டு மாரியில் ரொறன்ரோவுக்கு வந்தவன். ஊரில் ஓ.எல். பரீட்சையுடன் படிப்பு நின்றுவிட்டது. வந்த மூன்றாம் மாதமே ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரே கதைதான், கூடைப்பந்தாட்டம். எனக்குத் தெரிந்ததோ கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும். வளையத்துக்குள் பந்து போடுவதென்றால் ஊரில் பெண்பிள்ளைகள் பாடசாலையில் விளையாடும் வலைப்பந்து என்றுதான் நினைத்திருந்தேன். அதை வாய்விட்டுச் சொன்ன அன்று அந்த மேசை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு 5 பேர். ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், மொத்தம் 48 நிமிடம். கூடையில் பந்து விழுந்தால் 2 புள்ளி, தரையில் கீறியிருக்கும் வளைகோட்டுக்கு வெளியே நின்று போட்டால் 3 புள்ளி. எதிராளி பவுல் செய்து கிடைக்கும் தனி எறிதல் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. ஆறு பவுல் செய்தவர் வெளியே போய் உட்கார வேண்டும். இவ்வளவும் தெரிந்தால் பிள்ளைகளுடன் இருந்து பார்க்கலாம்.

எங்கள் மேசையில் 2013ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. விடயம் ரொறன்ரோ ராப்ரர்ஸ் அணியின் அமீர் ஜோன்சன். ஆள் ஆறடி ஒன்பது அங்குலம். சராசரியாக ஓர் ஆட்டத்தில் 10 புள்ளி எடுப்பார், ஆறேழு முறை கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பார். அவ்வளவுதான். இந்த மனிதருக்கு 2010இல் ஐந்து வருடத்துக்கு 34 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடையில்தான் அணியின் நட்சத்திரமான கிறிஸ் பொஷ் மயாமிக்குப் போய்விட்டார். நட்சத்திரம் போக, பக்கத்துணை ஆட்டக்காரருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள் என்று நகரமே திட்டியதாம். அடுத்த பருவத்தில் அணி 82 ஆட்டத்தில் 22 மட்டும் வென்றபோது திட்டு இன்னும் கூடியதாம். நான் வருவதற்கு முந்திய கதை இது. ஆனால் நான் வந்தபோதும் மேசையில் அதே திட்டு இருந்தது, நானும் சேர்ந்து திட்டினேன்.

"பத்துப் புள்ளிக்கு இவ்வளவு காசா? எங்கட லைனில் பத்துப் பெட்டி அடிச்சால் அடுத்த நாள் வீட்டை அனுப்பிப் போடுவாங்கள்" என்றேன்.

எதிரே இருந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு நண்பர். அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம் உண்டு. நமக்குக் கிரிக்கெட் போல அவர்களுக்கு இது. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு காட்போட் பெட்டியின் மூடியைக் கிழித்து, பென்சிலால் இரண்டு குறி போட்டார். ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். ஓர் ஆட்டக்காரர் களத்துக்குள் போகும்போது இரண்டு பக்கமும் 20–20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியே வரும்போது 31–25. அப்படியானால் அவர் நின்ற நேரத்தில் அவருடைய அணி 11 எடுத்தது, எதிரணி 5 எடுத்தது. அவருடைய பெயருக்கு எதிரே கூட்டல் 6 என்று எழுத வேண்டும். அந்த 11 புள்ளியில் ஒன்றைக்கூட அவர் எடுத்திருக்கத் தேவையில்லை. இந்த நாட்டு ஐஸ் ஹொக்கியில் 1967-68 பருவத்திலிருந்தே இந்தக் கணக்கு உத்தியோகபூர்வமாக வைத்திருக்கிறார்கள். இன்று கூடைப்பந்தாட்டத்திலும் ஒவ்வொரு ஆட்டத்தின் அட்டவணையிலும் கடைசிப் பக்கமாக இந்தக் கூட்டல் கழித்தல் நிரல் இருக்கும்.

"2012-13 பருவத்தைப் பார்" என்றார் நண்பர். ராப்ரர்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி. தோற்ற அணி. ஆனால் அமீர் களத்தில் நின்ற நிமிடங்களை மட்டும் தனியே எடுத்துக் கூட்டினால் அணி முன்னுக்கு நிற்கிறது! அவர் உட்கார்ந்த நேரத்தில்தான் பின்னுக்குப் போயிருக்கிறது. பத்துப் புள்ளிக்காரர் வெளியே போனால் அணி ஏன் சரிய வேண்டும்?

அன்று மாலை தொலைக்காட்சியில் பந்தைப் பார்க்காமல் அமீரை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. பந்தைத் தட்டிக்கொண்டு கைல் லௌரி ஓடிவருவார். அவரை ஒருவர் ஒட்டிக்கொண்டே வருவார். அமீர் அந்த ஒட்டுகிறவரின் பாதையில் போய்ச் சும்மா மரம் போல நிற்பார். ஆங்கிலத்தில் ஸ்கிரீன் என்பார்கள். ஒட்டி வந்தவர் அமீரின் நெஞ்சில் மோதி ஒரு கணம் தடுமாற, லௌரிக்கு ஓரடி இடம் கிடைக்கும். அந்த ஓரடியில் கூடையில் பந்து விழும். அட்டவணையில் 2 புள்ளி லௌரிக்கு. மோதல் வாங்கிய நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. மறுபக்கம் எதிரணி தாக்கும்போது, வேறு ஒருவர் கோட்டைவிட்ட ஆளை மறிக்க முதலில் ஓடுகிறவரும் இவர்தான். எதிராளி அதைக் கண்டு பந்தைப் போடாமல் திருப்பினால், போடாத பந்தை எந்த அட்டவணையில் எழுதுவது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே அணியில் அப்போது ரூடி கே என்ற நட்சத்திரம் இருந்தார். அந்த வருடச் சம்பளம் சுமார் 18 மில்லியன், அமீரின் சராசரிச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். 2013-14 பருவத்தில் ராப்ரர்சுக்கு அவர் ஆடிய 18 ஆட்டத்தில் சராசரி 19.4 புள்ளி. கேட்கப் பெரிய எண். ஆனால் அதை எடுக்க அவர் எத்தனை முறை பந்தை எறிந்தார்? ஆட்டத்துக்குச் சராசரி 18.6 முறை. அதில் விழுந்தது 38.8 சதவீதம். அதாவது ஆட்டத்துக்குப் பதினொரு முறைக்கு மேல் தவறியது. அந்தப் பருவத்தில் அமீர் எறிந்தது ஏறத்தாழ 8 முறை, விழுந்தது 56 சதவீதம். மாவை எவ்வளவு செலவழித்து எத்தனை தோசை சுட்டார் என்று பார்க்காமல், தோசையை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும் அல்லவா? பந்தும் மாவு போலத்தான். ஒருவர் வீணாக்கினால் மற்ற நான்கு பேருக்கும் இல்லை.

2013 டிசெம்பரில் ரூடி கேயைச் சக்கரமெந்தோ அணிக்கு மாற்றினார்கள். அதுவரை 7 வெற்றி 12 தோல்வி என்று நின்ற ராப்ரர்ஸ், பருவ முடிவில் 48 வெற்றி 34 தோல்வி! முந்திய வருடக் கணக்கை அப்படியே தலைகீழாக்கியது போல. அணியின் வரலாற்றில் அதுவரை இல்லாத வெற்றித்தொகை அது. நண்பர் மேசையைத் தட்டினார். நான் என் கட்சியை மாற்றிக்கொண்டேன்.

ஆனால், கட்சி மாறியவன் புதிய கட்சியில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இந்தக் கூட்டல் கழித்தல் கணக்கும் பொய் சொல்லும்.

முதலாவது, அது ஐந்து பேரின் கணக்கு. நான் ஒன்றும் செய்யாமல் நின்றாலும் என்னுடன் நிற்கும் நால்வர் கெட்டிக்காரர் என்றால் எனக்கும் கூட்டல்தான். ஓ.எல். கணிதத்தில் ஒருங்கமை சமன்பாடு படித்தது ஞாபகமா? x உம் y உம் சேர்ந்து 10 என்று மட்டும் சொன்னால் எது எவ்வளவு என்று தெரியாது. x நின்று y இல்லாத இன்னொரு சமன்பாடு வேண்டும். 2004இல் டான் றோசன்போம் என்ற பொருளியலாளர் இதைத்தான் கூடைப்பந்தில் செய்து வெளியிட்டார். களத்தில் ஆள் மாறும் ஒவ்வொரு துண்டு நேரமும் ஒரு சமன்பாடு. இரு பக்கத்திலும் நிற்கும் பத்துப் பேரும் தெரியாக் கணியங்கள். பருவம் முழுவதும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான சமன்பாடுகள். கொம்பியூட்டர் அவற்றைத் தீர்த்து, கூட நின்றவர்களின் பங்கையும் எதிரே நின்றவர்களின் பலத்தையும் கழித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரும். எப்போதும் ஒன்றாகவே களமிறங்கும் இருவரைப் பிரித்தறிவது அதற்கும் கஷ்டம். 2010இல் ஜோ சில் என்பவர் அந்தக் கணக்கு அளவுக்கு மீறி ஆடாமல் இருக்க ஒரு திருத்தம் சொன்னார். அப்படித் திருத்திய கணக்குகளிலும் அமீர் மேலேதான் நின்றார்.

இரண்டாவது, ஓர் ஆட்டத்தின் எண்ணை வைத்து ஆளை எடை போடக் கூடாது. அவர் நிற்கும்போது எதிரணியின் மூன்று பந்து அதிர்ஷ்டத்தில் விழுந்தால் கழித்தல் 9. அது அவருடைய பிழையா? ஒரு பருவமாவது பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ரூடி கே போனதால் மட்டும் அணி வென்றது என்பதும் அவசரம். அந்த மாற்றத்தில் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். அதில் பற்றிக் பற்றர்சன் போன்றவர்களும் நல்ல பக்கத்துணைகள். பந்து லௌரியின் கைக்குக் கூடுதலாகப் போனது. பல காரணம் ஒன்றாக வந்த வெற்றி அது.

நான்காவது, அமீரின் குறையையும் சொல்ல வேண்டும். பவுல் அதிகம், கணுக்கால் நோவும் அடிக்கடி. ஆட்டத்தில் 28, 29 நிமிடத்துக்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. ஐந்து அமீர்களை ஒரே நேரத்தில் களமிறக்கினால் பந்தை முன்னுக்குக் கொண்டுபோகவே ஆளில்லை. ஸ்கிரீன் நிற்பதற்கு, அந்த ஓரடியைப் பயன்படுத்தத் தெரிந்த லௌரியும் டீமார் டிரோசனும் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: நட்சத்திரங்களுக்கு அவர் ஈடல்ல, ஆனால் கொடுத்த 34 மில்லியனுக்குக் குறைந்தவரும் அல்ல. நகரம் திட்டியது அவரை அளந்து பார்த்தல்ல, புள்ளி நிரலை மட்டும் வாசித்துத்தான்.

இவர் ஒருவர் மட்டும் இப்படியல்ல. ஷேன் பாட்டியே என்றொருவர் இருந்தார். 2006இல் ஹியூஸ்ரன் அணி, அப்போது புதிதாகத் தெரிவான இதே ரூடி கேயைக் கொடுத்து இந்தப் பாட்டியேயை வாங்கியது. பாட்டியேயின் வாழ்நாள் சராசரி 9 புள்ளிகூட இல்லை. ஆனால் எதிரணி நட்சத்திரத்துக்கு எந்த இடத்திலிருந்து எறிந்தால் குறைவாக விழும் என்ற கணக்கைப் படித்துவைத்துக்கொண்டு, அவரை அந்த இடத்துக்கே தள்ளிக்கொண்டு போவாராம். 2009இல் மைக்கல் லூயிஸ் என்ற எழுத்தாளர் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிய பிறகுதான் பலருக்கு இந்தக் கணக்கே தெரிய வந்தது. பின்னர் மயாமி அணியுடன் 2012இலும் 2013இலும் பாட்டியே கிண்ணம் வென்றார்.

அமீரை எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2005இல் பதினெட்டு வயதில், பல்கலைக்கழக வாசல் மிதிக்காமல், பாடசாலையிலிருந்து நேரே தெரிவானவர். 60 பேரில் 56ஆவது ஆள். அடுத்த வருடம் முதல் பாடசாலை முடித்து ஒரு வருடமாவது போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த வகையில் நேரே வந்தவர்களில் கடைசியாகத் தெரிவானவர் இவர். கடைசி வரிசையில் வந்தவர், மற்றவர் செய்யப் பஞ்சிப்படும் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஓ.எல். உடன் நின்றவனுக்கு அது பிடிக்காமல் போகுமா?

இனி, இதை ஏன் எழுத வந்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் லைனிலும் ஐந்து பேர். ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் ஒரு தாள் தொங்கும். மணித்தியாலத்துக்கு எத்தனை பெட்டி என்று அதில் எழுத வேண்டும். எங்களில் ஒருவர் வயதில் மூத்த அண்ணை. அவருடைய தாளில்தான் எப்போதும் எண் குறைவு. ஏன் குறைவு? மெசின் இறுகினால் முதலில் ஓடுவது அவர். எனக்கு ரேப் முடியும் முன்பே புதிய ரேப் என் மேசையில் இருக்கும். புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கை வெட்டுப்படாமல் ஓரம் சீவக் காட்டிக் கொடுப்பவரும் அவர்தான். என் தாளில் எண் கூடுதலாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அவர். அது எனக்குத் தெரியும்.

2014 வசந்தத்தில் வேலை குறைந்தது. ஓர் ஆளைக் குறைக்க வேண்டும் என்றார்கள். அண்ணைக்கு ஆங்கிலம் போதாது என்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் ஐந்து தாளையும் மேசையில் பரப்பி, "எண்ணைப் பாருங்கள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவர் பக்கம் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்றும் கேட்டார். அதே மாதத்தில்தான் சாப்பாட்டு மேசையில் அமீருக்காக நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தாள் என்னுடையதாக இருக்குமோ என்ற பயம். அவர் சொன்னதை மட்டும் தமிழில் அண்ணைக்குச் சொன்னேன். அண்ணை, "சரி தம்பி, விளங்குது" என்றார். கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு எங்கள் லைனில் முன்பு வந்த அளவு பெட்டி வரவில்லை. மெசின் இறுகினால் மெக்கானிக் வரும்வரை நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். யாரும் அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. நண்பர் காட்போட்டில் போட்ட கழித்தல் குறியை நான் அன்று கண்ணால் கண்டேன்.

சில மாதத்துக்குப் பின் அண்ணையைத் தமிழ்க் கடையொன்றில் சந்தித்தேன். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "உனக்கும் பிள்ளை குட்டி இருக்குத்தானே தம்பி, விடு" என்றார். அவர் விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை.

அமீர் ஜோன்சன் 2015இல் பொஸ்ரன் அணிக்குப் போய்விட்டார். 2016இல்தான் ஸ்கிரீன் நின்று உதவியதையும், பந்துக்குக் குறுக்கே கை நீட்டியதையும், தரையில் விழுந்து பந்தைப் பிடித்ததையும் அந்த லீக் எண்ணத் தொடங்கியது. அவர் ரொறன்ரோவில் வாங்கிய மோதல்கள் அந்த நிரலில் இல்லை. 2019 ஜூனில் ராப்ரர்ஸ் கிண்ணம் வென்றபோதும் அவர் இங்கே இல்லை. ஆனால் ஆள் ஒருவர் செய்த வேலை முதலில் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான், அதை எண்ண வேண்டும் என்ற எண்ணமே பிறந்தது. முதலில் யாராவது பார்க்க வேண்டும். பார்த்தவர் வாய் திறக்கவும் வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாளில் மட்டும் கண் வைக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் உங்களுக்காகச் செய்வதைத் திகதியுடன் ஒரு சிறு கொப்பியில் குறித்து வையுங்கள்: இன்று மெசின் இத்தனை தரம் இறுகியது, இன்னார் திருத்தினார் என்று. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பிறகு ஒருநாள் இன்னொருவரின் தாள் மேசைக்கு வந்தபோது அந்தக் கொப்பியை எடுத்து முன்னால் வைத்தேன். கை நடுங்கியது. ஆனால் அந்த ஆள் இன்றும் எங்கள் லைனில் நிற்கிறார்.

இன்னுமொன்று. இந்த மாரியில் பிள்ளைகளுடன் ஓர் ஆட்டம் பாருங்கள். பந்து யார் கையில் என்று பார்க்காமல், பந்து இல்லாத ஒருவரை மட்டும் ஒரு பகுதி நேரம் பாருங்கள். எத்தனை முறை மோதல் வாங்கினார், எத்தனை முறை மற்றவருக்காக ஓடினார் என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். பிறகு அட்டவணையின் கடைசி நிரலை இருவருமாகச் சரிபாருங்கள். சில நாள் எண்ணும் கண்ணும் ஒத்துப்போகும், சில நாள் போகாது. போகாத அன்று ஏன் என்று கதையுங்கள்.

அடுத்த மாதம், ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத் துண்டில் கவனிக்க வேண்டியவை பற்றி எழுதுகிறேன். அதுவரை வணக்கம்.